உலையடியிலிருந்து இரவுக் காவலுக்கு: போர்க்கால இங்கிலாந்தில் ஒரு கிராமத்துக் கொல்லர் வீடு (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

இரண்டாம் உலகப் போர் என்றதும் பலருக்கு விமானமும் டாங்கியும் கண்முன் வரும். எனக்கு இங்கிலாந்தின் ஏதோ ஒரு கிராமத்துக் கொல்லர்தான் வருவார். பகல் முழுக்க லாடம் அடித்துவிட்டு, கையில் ஒட்டிய கரி போகும் முன்பே துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, 'ஹோம் கார்டு' என்ற உள்ளூர்த் தொண்டர் படையின் இரவுக் காவலுக்குக் கிளம்புகிறவர். இதைப் பற்றிப் பேச்செடுத்தாலே ஒரே மாதிரியான கேள்விகள் வருகின்றன. அவற்றுக்கான பதில்கள் இங்கே.

இது ஒருவருடைய வாழ்க்கைக் கதையா?

இல்லை. 1939 முதல் 1945 வரை இங்கிலாந்துக் கிராமங்களில் கொல்லர் குடும்பங்கள் பொதுவாக எப்படி நாளை ஓட்டின என்பதுதான் விஷயம். ஊருக்கு ஊர் வித்தியாசம் இருந்தது. பிரான்சுக்கு எதிர்க்கரையில் இருக்கும் கென்ட், சஸெக்ஸ் பக்கத்து மக்கள் ஜெர்மானியன் இன்று வருவானோ நாளை வருவானோ என்று தூங்காமல் கிடந்தார்கள். வடக்கே மலைப்பக்கத்துக் கிராமங்களில் அவ்வளவு பதற்றம் இல்லை.

ஹோம் கார்டு எப்படித் தொடங்கியது?

1940 மே 10 அன்று ஜெர்மானியப் படை ஹாலந்துக்குள்ளும் பெல்ஜியத்துக்குள்ளும் நுழைந்தது. ஹாலந்தில் சிப்பாய்கள் பாராசூட்டில் வந்து இறங்கினார்கள் என்ற செய்திதான் இங்கிலாந்தை உலுக்கிவிட்டது. நாளைக்கு நம் ஊர்ப் புல்வெளியிலும் இறங்கினால் என்ன செய்வது? மே 14 இரவு போர்த்துறை அமைச்சர் ஆன்டனி ஈடன் வானொலியில் பேசினார். 17 முதல் 65 வயது வரையுள்ள ஆண்கள் உள்ளூர்க் காவல் நிலையத்தில் பெயர் கொடுக்கலாம், சம்பளம் கிடையாது, சீருடையும் ஆயுதமும் தருவோம் என்றார். அவர் பேசி முடிப்பதற்குள்ளேயே சில காவல் நிலையங்களின் வாசலில் ஆள் வந்து நின்றாயிற்று. ஒரே வாரத்தில் இரண்டரை லட்சம் பேர் பெயர் கொடுத்தார்கள். கோடை முடிவதற்குள் அது 10 லட்சத்தைத் தாண்டிவிட்டது.

முதலில் வைத்த பெயர் 'உள்ளூர்ப் பாதுகாப்புத் தொண்டர்கள்'. சுருக்கமாக எல்.டி.வி. ஊர்க் குறும்பர்கள் சும்மா இருப்பார்களா? அந்த மூன்று எழுத்துக்கும் 'பார், பதுங்கு, பறந்துவிடு' என்கிற அர்த்தத்தில் ஒரு விரிவு கண்டுபிடித்தார்கள். சர்ச்சிலுக்கும் அந்தப் பெயர் பிடிக்கவில்லை. ஜூலை மாதம் 'ஹோம் கார்டு' என்று மாற்றினார்கள்.

நம்மூர் ஊர்க்காவல் படையும் இதுவும் ஒன்றுதானா?

பெயர் ஒன்று, வேலை வேறு. இந்தியாவில் ஹோம் கார்டு 1946இல் பம்பாயில், கலவரக் காலத்தில் போலீசுக்குத் துணையாகத் தொடங்கியது. 1962 சீனப் போருக்குப் பிறகுதான் நாடு முழுவதும் ஒழுங்கான அமைப்பாக வளர்ந்தது. தேர்த் திருவிழாவில் கயிறு பிடித்துக் கூட்டத்தை ஒதுக்குகிறவரின் கையில் இருப்பது லத்தி. இங்கிலாந்துக்காரர் எதிரிப் படையைச் சுடுவதற்கென்றே சேர்ந்தவர்.

போர்க்காலச் சென்னையில் இதற்குக் கொஞ்சம் கிட்டே வருவது ஏ.ஆர்.பி. என்ற வான்தாக்குதல் முன்காப்பு அமைப்பு. 1942 ஏப்ரலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் ஜப்பானியக் குண்டு விழுந்ததும் சென்னைவாசிகள் மூட்டை கட்டிக்கொண்டு உள்நாட்டுக்கு ஓடிய கதையை வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ஏ.ஆர்.பி.காரர் சத்தம் போட்டு விளக்கை அணைக்கச் சொன்னதில் மட்டும் சென்னையும் இங்கிலாந்தும் ஒன்று.

கொல்லரை ஏன் போர்முனைக்கு அனுப்பவில்லை?

1914 போரில் பட்ட சூடு. அப்போது கைத்தொழில் தெரிந்தவர்களெல்லாம் உற்சாகத்தில் படையில் சேர்ந்துவிட, ஆலைகளும் பண்ணைகளும் ஆளில்லாமல் திண்டாடின. இந்த முறை அரசு முன்கூட்டியே ஒரு பட்டியல் போட்டுவிட்டது. அதில் இருக்கும் தொழிலைச் செய்கிறவர், குறிப்பிட்ட வயதைத் தாண்டியிருந்தால், ஊரிலேயே இருந்து தொழிலைப் பார்க்க வேண்டும். கொல்லர் வேலையும் அந்தப் பட்டியலில் உண்டு.

காரணம் சோறு. பிரிட்டன் தின்றதில் பெரும்பகுதி கப்பலில் வந்தது. அந்தக் கப்பல்களை ஜெர்மானிய நீர்மூழ்கிகள் ஒன்றன்பின் ஒன்றாக மூழ்கடித்தன. மேய்ச்சல் நிலத்தை உழுது தானியம் போடுங்கள், ஏக்கருக்கு 2 பவுண்டு தருகிறோம் என்று அரசு சொன்னது. டிராக்டர் அப்போது எல்லாப் பண்ணையிலும் கிடையாது. உழுதது பெரும்பாலும் குதிரை. குதிரைக்கு லாடம் வேண்டும், கலப்பைக்குக் கொழு தீட்ட வேண்டும். இரண்டுக்கும் ஊரில் இருப்பது ஒரே ஆள்.

பட்டறையில் இருந்த இளவட்டங்களுக்கு இந்த விலக்கு இல்லை. அவர்கள் படைக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியது நடுவயதைத் தாண்டிய கொல்லரும், பள்ளியை விட்டு வந்த 14 வயதுப் பையனும்தான்.

பட்டறையில் ஒரு நாள் எப்படிப் போகும்?

உழவுக் குதிரை என்றால் ரேக்ளா வண்டிக் குதிரையை நினைக்காதீர்கள். ஷயர் இனக் குதிரை ஒரு டன் எடை இருக்கும். குளம்பு சாப்பாட்டுத் தட்டு அகலம். ஒரு லாடமே இரண்டு கிலோவுக்குப் பக்கத்தில் வரும். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

கொல்லர் குதிரைக்கு முதுகைக் காட்டி நின்று, அதன் காலைத் தூக்கித் தன் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொள்வார். பழைய லாடத்தைப் பிடுங்கிவிட்டு, வளர்ந்த குளம்பைச் செதுக்கி ராவுவார். பிறகு உலையிலிருந்து எடுத்த லாடத்தைச் சூட்டோடு குளம்பில் ஒரு கணம் வைத்துப் பார்ப்பார். குபீரென்று மஞ்சள் புகை கிளம்பும், முடி கருகுகிற நாற்றம் பட்டறையை நிரப்பும். குதிரைக்கு வலிக்காது, அது நம் நகம் மாதிரிதான். கருகின தடம் எங்கே ஒழுங்காக விழவில்லையோ அங்கே இன்னும் பொருந்தவில்லை என்று அர்த்தம். சரி செய்து, தண்ணீரில் முக்கி ஆற வைத்து, ஏழு ஆணி அடிப்பார்: வெளிப்பக்கம் நாலு, உள்பக்கம் மூன்று. ஆணி குளம்பின் ஓரத்தில் வெளியே வந்தால் முனையை முறுக்கி ஒடித்து மடக்கிவிட வேண்டும். ஒரு மயிரிழை உள்ளே போனால் குதிரை நொண்டும், உழவு நிற்கும்.

எங்கள் ஊரில் மாட்டைக் கயிறு கட்டிச் சாய்த்துப் படுக்க வைத்துத்தான் லாடம் அடிப்பார்கள். ஒரு டன் குதிரையை அப்படிச் சாய்க்க முடியாது. அதை நின்றபடியே சம்மதிக்க வைக்க வேண்டும். கொல்லரின் பாதித் திறமை அதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

1940 ஜனவரியில் அங்கே பல பத்தாண்டுகள் காணாத குளிர். சாலை கண்ணாடி போல உறைந்துவிட்டது. சாதாரண லாடத்தோடு குதிரை அடியெடுத்து வைக்க முடியாது. விடிவதற்கு முன்பே பட்டறை வாசலில் வரிசை நிற்கும், லாடத்தில் கூர்த்தலை கொண்ட பனி ஆணி அடித்துக்கொள்ள.

வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடுவது தனி வேலை. எங்கள் தாத்தா ஊரில் சிறுவயதில் இதைப் பார்த்திருக்கிறேன். சுற்றிலும் வறட்டி அடுக்கி, பட்டையைப் பழுக்கக் காய்ச்சி, நாலு பேர் குறடு பிடித்து ஓடிவந்து சக்கரத்தில் இறக்குவார்கள். மரம் குப்பென்று பற்றிக்கொள்ளும், உடனே குடம் குடமாகத் தண்ணீர். இங்கிலாந்திலும் இதே கணக்குதான், வறட்டிக்குப் பதில் விறகு. பட்டையின் சுற்றளவு சக்கரத்தைவிடச் சற்றுக் குறைவாக இருக்கும். சூட்டில் விரிந்து ஏறி, குளிரும்போது சுருங்கிச் சக்கரத்தைக் கவ்வும். அப்போது ஆரக்கால்கள் கிறீச்சென்று இறுகும் சத்தம் கேட்கும். அதைக் கேட்டால்தான் கொல்லருக்கு மூச்சு வரும்.

போர் வந்ததும் புது இரும்பு கிடைப்பது கஷ்டமாகிவிட்டது. தேய்ந்த லாடங்கள் இரண்டைச் சேர்த்துத் தட்டி ஒன்றாக்கினார்கள். 1941 முதல் கோடைக் கடிகாரத்தை இரண்டு மணி நேரம் முன்னே தள்ளி வைத்ததால், அறுவடைக் காலத்தில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருந்தது. ஒன்பது மணிக்கு அறுவடை இயந்திரத்தின் கம்பி ஒடிந்தால் விவசாயி நேரே கொல்லர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார். கிராமத் தொழில்களுக்கான அரசு அமைப்பு ஒன்று கேஸ் வெல்டிங் சொல்லிக்கொடுத்தது. அதைக் கற்றுக்கொண்டவர்களுக்கு இந்த ராத்திரி வேலை கொஞ்சம் சுலபமானது.

இருட்டடிப்பு நேரத்தில் உலையை என்ன செய்தார்கள்?

1939 செப்டம்பர் 1 முதல் இருட்டடிப்பு. ஒரு கீற்று வெளிச்சம் தெருவில் தெரிந்தாலும் அபராதம். உலை என்பதே வெளிச்சம், பழுத்த இரும்பை அடித்தால் பொறி பறக்கும். சன்னலுக்குக் கறுப்புப் பூச்சு, கதவுக்குச் சாக்குத் திரை போட்டு அடைத்துக்கொண்டு உள்ளே வேலை செய்தார்கள். புகை வெளியே போக வழியில்லை. குளிர்காலத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடுகிற நாட்டில் இது எவ்வளவு நேரம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இரும்பின் சூட்டைக் கொல்லர் பார்ப்பது நிறத்தை வைத்துத்தான்: மங்கல் சிவப்பு, செர்ரிச் சிவப்பு, மஞ்சள், வெள்ளை. அதனால் பட்டறை எப்போதுமே அரையிருட்டாக இருப்பதுதான் அவருக்கு வசதி. ஊரெல்லாம் இருட்டைச் சபித்தபோது அதற்குப் பழகிய கண்ணோடு இருந்தவர் அவர் ஒருவர்தான்.

அவர் மனைவி என்ன செய்தார்?

இந்தக் கேள்வியைக் குறைவாகவே கேட்கிறார்கள். என் கணக்கில் இதுதான் முக்கியமானது.

முதலில் கணக்குப் புத்தகம். விவசாயிகள் லாடத்துக்கு அன்றன்றே காசு கொடுக்க மாட்டார்கள். அரையாண்டுக்கோ ஆண்டுக்கோ ஒருமுறைதான் தீர்ப்பார்கள். எந்தப் பண்ணைக்கு எத்தனை லாடம், யார் கொழுவைத் தீட்டிக்கொண்டு போனார் என்று எழுதி வைத்துக் கேட்டு வாங்குவது பல வீடுகளில் மனைவியின் வேலை.

அடுத்தது சமையல். 1940 ஜனவரி 8 அன்று ரேஷன் தொடங்கியது. ஆளுக்கு வாரத்துக்கு வெண்ணெய் 4 அவுன்ஸ், பன்றி இறைச்சி 4 அவுன்ஸ், சர்க்கரை 12 அவுன்ஸ். ஜூலையில் தேயிலையும் ரேஷனுக்குள் வந்தது, வாரத்துக்கு 2 அவுன்ஸ், அதாவது 57 கிராம்கூட இல்லை. சம்மட்டி பிடிக்கிற ஆளுக்கும் மேசையில் எழுதுகிற ஆளுக்கும் இதே அளவுதான். மிச்சத்தைக் கொல்லைப்புறத்தில் வளர்த்தார்கள்: உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு, நாலு கோழி, முடிந்தால் ஒரு பன்றி. பன்றி வளர்த்தால் இறைச்சிக் கூப்பனை விட்டுக்கொடுக்க வேண்டும், பதிலுக்குத் தீவனம் கிடைக்கும். கிராமத்துக்காரர்கள் இந்த விஷயத்தில் நகரத்தாரைவிடப் பாக்கியசாலிகள், அதை மறைக்க வேண்டியதில்லை.

1942 பிப்ரவரியில் சோப்பு ரேஷனுக்கு வந்தது. கொல்லர் வீட்டுக்கு இதைவிடப் பெரிய அடி கிடையாது. பட்டறைத் துணியில் கரியும் எண்ணெயும் குளம்புத் தூசியும். ஞாயிற்றுக்கிழமை சேற்றில் ஊர்ந்துவிட்டு வந்த காக்கிச் சீருடையோ கம்பளித் துணி, நனைந்தால் கல்லாகக் கனக்கும். அதை அடுப்புப் பக்கம் தொங்கவிட்டு, அடுத்த முறைக்குள் காயவைத்து, பட்டையைப் பளபளவென்று தேய்த்து வைக்க வேண்டும். ஹோம் கார்டின் எந்தப் பதிவேட்டிலும் அவர் பெயர் இருக்காது. அந்தச் சீருடை வாரம் தவறாமல் அணிவகுப்பில் நின்றதென்றால் அதற்கு அவர்தான் காரணம்.

பிள்ளைகள்?

துருத்தி ஊதுவது, குதிரையின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது, பட்டை போடும் நாளில் தண்ணீர் சுமப்பது. இதெல்லாம் போருக்கு முன்பும் இருந்ததுதான். புதிதாக வந்தது, தோளில் தொங்கிய நச்சுப்புகை முகமூடிப் பெட்டியும், வீட்டுக்கு வந்த அந்நியப் பிள்ளையும்.

1939 செப்டம்பர் முதல் சில நாட்களில் நகரங்களிலிருந்து சுமார் 15 லட்சம் பேரைக் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள், கழுத்தில் பெயர்ச் சீட்டோடு. ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டால் வாரத்துக்கு 10 ஷில்லிங் 6 பென்னி, ஒன்றுக்கு மேல் என்றால் ஆளுக்கு 8 ஷில்லிங் 6 பென்னி. லண்டன் சந்திலிருந்து வந்த பையனுக்கு மாட்டைப் பார்த்தாலே பயம். அப்படிப்பட்டவன் பட்டறையைக் கண்டுவிட்டால் நகரமாட்டான். தீயும் சத்தமும் குதிரையும் ஒரே இடத்தில் கிடைத்தால் எந்தப் பையன் நகருவான்?

ஹோம் கார்டில் அவருக்கு என்ன வேலை?

வாரத்தில் ஓரிரு மாலைகள் பயிற்சி, ஞாயிறு காலை அணிவகுப்பு, முறை வைத்து இரவுக் காவல். மாதா கோயில் கோபுரத்திலோ மேட்டிலோ நின்று வானத்தைப் பார்ப்பது, ரயில் பாலத்தையும் தொலைபேசி நிலையத்தையும் காப்பது, சாலையில் வருகிறவரை நிறுத்தி அடையாளச் சீட்டுக் கேட்பது. கேட்கப்படுகிறவர் பெரும்பாலும் சின்ன வயதிலிருந்து தெரிந்த ஆளாகவே இருப்பார். ஆனாலும் கேட்க வேண்டும். அந்நியனுக்கு வழி தெரியக் கூடாதென்று 1940 கோடையில் ஊர்ப் பெயர்ப் பலகைகளையே பிடுங்கிவிட்டார்கள்.

கொல்லருக்குக் கூடுதலாகக் கைவேலையும் வந்து சேர்ந்தது. சாலைத் தடுப்புக்கு இரும்புக் கம்பி வளைப்பது, தடுப்புக்குக் கீல் போடுவது, மைதானத்தில் விமானம் இறங்காதபடி நட்ட கம்பங்களுக்குப் பூண் மாட்டுவது. 'நம்மாள்தானே' என்று காசு கொடுக்காமல் வாங்கிக்கொண்ட வேலை இதில் எவ்வளவு இருந்திருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

ஆயுதம் கொடுத்தார்களா? ஈட்டி கொடுத்தார்கள் என்பது உண்மையா?

முதல் சில வாரங்களில் கொடுத்தது கையில் கட்டிக்கொள்ள ஒரு துணிப் பட்டைதான். பிரெஞ்சுத் துறைமுகமான டன்கர்க்கிலிருந்து தப்பி வந்த ராணுவமே தன் ஆயுதங்களைப் பிரான்சில் விட்டுவிட்டு வந்திருந்தது, இவர்களுக்கு எங்கே போவது? முயல் சுடும் துப்பாக்கி, பழைய வாள், கவைக்கோல் என்று கிடைத்ததை எடுத்து வந்தார்கள். வேட்டைத் தோட்டாவைப் பிரித்து, உள்ளே இருக்கும் ஈயக் குண்டுகளின் மேல் மெழுகை உருக்கி ஊற்றி, எல்லாம் ஒரே உருண்டையாகப் பாயும்படி செய்தவர்களும் உண்டு. பாட்டிலில் பெட்ரோல் நிரப்பித் திரி வைத்தது எல்லா ஊரிலும் நடந்தது.

ஜூலையிலிருந்து அமெரிக்கத் துப்பாக்கிகள் கப்பல் கப்பலாக வந்தன. எல்லாம் 1917ஆம் ஆண்டு மாதிரி, இருபது வருஷம் கிடங்கில் கிடந்து கெட்டியான கிரீஸ் அப்பியிருந்தவை. அந்தக் கிரீஸைச் சுரண்டிக் கழுவவே நாள் கணக்கில் ஆனது. அவற்றின் தோட்டா பிரிட்டிஷ் தோட்டாவிலிருந்து வேறு அளவு. குழப்பம் வரக்கூடாதென்று கட்டையில் சிவப்பு வளையம் பூசினார்கள்.

ஈட்டிக் கதை உண்மைதான். 1941 ஜூனில் சர்ச்சில், ஒவ்வொருவர் கையிலும் ஏதாவது ஓர் ஆயுதம் இருக்க வேண்டும், ஈட்டியானாலும் சரி என்கிற பொருளில் ஒரு கடிதம் எழுதினார். பேச்சுக்குச் சொன்னதைப் போர்த்துறை அப்படியே எடுத்துக்கொண்டு, இரும்புக் குழாயின் முனையில் பழைய பயனெட் கத்தியைப் பற்றவைத்து, இரண்டரை லட்சம் ஈட்டிகளுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டது. அதைப் பார்த்த ஹோம் கார்டுகாரர்கள் கொதித்துப்போனார்கள், நாடாளுமன்றத்தில் சிரித்தார்கள், பெரும்பகுதி கிடங்கைவிட்டு வெளியே வரவே இல்லை. கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான். குழாயில் கத்தி ஒட்டுவதற்கு லண்டனிலிருந்தா ஆள் வேண்டும்?

மாதா கோயில் மணி ஏன் அடிக்காமல் நின்றது?

1940 ஜூன் முதல், எதிரி இறங்கினால் மட்டுமே மணி அடிக்க வேண்டும் என்று உத்தரவு. ஞாயிறு பூசைக்கும் கல்யாணத்துக்கும் மணி கிடையாது. செப்டம்பர் 7 இரவு, படையெடுப்பு எந்நேரமும் வரலாம் என்பதற்கான 'கிராம்வெல்' என்ற சங்கேதச் சொல் ராணுவத்துக்குப் போனது. அதைத் தவறாகப் புரிந்துகொண்டு சில ஊர்களில் மணியை அடித்துவிட்டார்கள். ஹோம் கார்டுகாரர்கள் படுக்கையிலிருந்து எழுந்து ஓடி, விடியும்வரை வயலில் கிடந்தார்கள். யாரும் வரவில்லை. காலையில் பட்டறைக்குக் குதிரை வந்தது.

எகிப்தின் எல் அலமைனில் பிரிட்டிஷ் படை பெற்ற வெற்றிக்காக 1942 நவம்பர் 15 அன்று நாடு முழுக்க மணி அடிக்க விட்டார்கள். தடை 1943இல் நீங்கியது.

இது கட்டாயமா?

தொடக்கத்தில் இல்லை. இரண்டு வாரம் முன்னறிவிப்பு கொடுத்துவிட்டு யாரும் விலகலாம். வீட்டு வேலைக்காரிக்கு இருக்கும் சலுகை என்று இதைக் கேலி செய்தார்கள். 1942 தொடக்கத்தில் அந்த வாசல் மூடிக்கொண்டது. புதிதாக ஆட்களைக் கட்டாயமாகச் சேர்க்கவும் சட்டம் வந்தது. நாலு வாரத்தில் 48 மணி நேரம் வரை கடமைக்கு அழைக்கலாம். வராவிட்டால் 10 பவுண்டு வரை அபராதம் அல்லது ஒரு மாதம் வரை சிறை. வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் என்றால் கொல்லருக்கு அது முழுதாக ஒரு நாள் கூலி.

பெண்களைச் சேர்த்துக்கொண்டார்களா?

1943 வரை இல்லை. எடித் சம்மர்ஸ்கில் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் எழுத்து வேலை, சமையல், வண்டி ஓட்டுதல் ஆகியவற்றுக்கு மட்டும் அனுமதித்தார்கள். சீருடை இல்லை, ஆயுதம் இல்லை, சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பேட்ஜ்.

'டாட்ஸ் ஆர்மி' என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரில் காட்டியதுபோல இது ஒரு கிழட்டுச் சிரிப்புப் படைதானே?

சிரிக்க நிறைய இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் முதல் உலகப் போரின் பதுங்குகுழியில் கிடந்தவர்கள் இதில் ஏராளம். 17, 18 வயதுப் பையன்களும் ஏராளம், ராணுவ அழைப்பு வரும்வரை இங்கேதான் பயின்றார்கள். பின்னாளில் விமான எதிர்ப்புப் பீரங்கிகளையும் இயக்கினார்கள். கடமையில் இருந்தபோது 1,206 பேர் இறந்திருக்கிறார்கள்.

1941 மே மாதம் ஹிட்லரின் துணைத் தலைவர் ருடால்ஃப் ஹெஸ் தனியாக விமானம் ஓட்டி வந்து ஸ்காட்லாந்தில் பாராசூட்டில் குதித்தார் அல்லவா? அவரை முதலில் பிடித்தது கவைக்கோல் ஏந்திய ஓர் உழவர். அதன்பின் காவலில் எடுத்துக்கொண்டவர்கள் உள்ளூர் ஹோம் கார்டுகாரர்கள்.

இரகசியப் படை ஒன்று இருந்ததாமே?

இருந்தது. 'துணைப் பிரிவுகள்' என்று சப்பையாக ஒரு பெயர். 1940 கோடையில் காலின் கப்பின்ஸ் என்ற ராணுவ அதிகாரி இதை உருவாக்கினார். ஜெர்மானியர் வந்துவிட்டால் பூமிக்கடியில் கட்டிய மறைவிடத்துக்குள் போய்விட வேண்டும். அவர்கள் கடந்துபோனதும் இரவில் வெளியே வந்து பாலத்தையும் எண்ணெய்க் கிடங்கையும் தகர்க்க வேண்டும். இதற்கு உள்ளூர்க் காடும் ஓடையும் தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள். விவசாயி, வேட்டைக் காவலர், அவரிடம் அகப்படாமல் முயல் திருடுகிறவர், கொல்லர் என்று நாலு முதல் எட்டுப் பேர் கொண்ட சிறு குழுக்கள். எதிரி வந்து இறங்கினால் இரண்டு வாரம் உயிரோடு இருப்பார்கள் என்பதுதான் கணக்கு.

பயிற்சி கோல்ஸ்ஹில் மாளிகையில் நடந்தது. அங்கே நேரே போக முடியாது. பக்கத்திலிருக்கும் ஹைவொர்த் என்ற சிற்றூரின் அஞ்சலகத்துக்குப் போய், மேபல் ஸ்ட்ராங்க்ஸ் என்ற அஞ்சலக அம்மாளிடம் சங்கேதச் சொல்லைச் சொல்ல வேண்டும். அவர் ஆளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போய் போன் செய்வார், பிறகு வண்டி வரும்.

மனைவியிடம்கூடச் சொல்லக் கூடாது என்று இரகசியக் காப்புச் சட்டத்தின் கீழ்க் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். வீட்டுக்காரர் வாரம் இரண்டு இரவு மண்ணும் சேறுமாக வருகிறார், எங்கே போனார் என்று சொல்ல மாட்டார். அந்த வீட்டுக்குள் என்ன பேச்சு நடந்திருக்கும்? வெளிப்பார்வைக்கு எந்தப் படையிலும் இல்லாதவராகத் தெரிந்ததால் சிலருக்குக் கோழை என்ற பெயரும் கிடைத்தது. பலர் அப்படியே, வாய் திறக்காமலே செத்துப்போனார்கள். லண்டன் நினைவுச் சின்னத்தின் முன்னே நடக்கும் வருடாந்திர அணிவகுப்பில் இவர்கள் முதன்முதலாகக் கலந்துகொண்டது 2013இல்தான்.

கொல்லர் கல்யாணம் செய்து வைப்பார் என்கிறார்களே?

அது ஸ்காட்லாந்து எல்லையிலுள்ள கிரெட்னா கிரீன். இங்கிலாந்தில் பெற்றோர் சம்மதிக்காத ஜோடிகள் எல்லை தாண்டி ஓடிவந்து, இரண்டு சாட்சிகளின் முன்னே வாயால் சொல்லிக்கொண்டாலே திருமணம். பட்டறைக்கல்லை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினால் முடிந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்த வழக்கத்துக்குச் சட்டம் முற்றுப்புள்ளி வைத்தது 1940 ஜூலை 1 அன்று. ஊரெல்லாம் ஹோம் கார்டு துணிப்பட்டை கட்டிக்கொண்டிருந்த அதே கோடை.

எப்போது கலைத்தார்கள்? என்ன கொடுத்தார்கள்?

1944 டிசம்பர் 3 அன்று லண்டன் ஹைட் பார்க்கில் சுமார் 7,000 பேர் மழையில் இறுதி அணிவகுப்பு நடத்தினார்கள். முறைப்படி கலைத்தது 1945 கடைசியில். ஆளுக்கு மன்னர் ஆறாம் ஜார்ஜ் கையொப்பம் அச்சிட்ட ஒரு சான்றிதழ். மூன்று வருடம் சேவை செய்தவருக்குப் பாதுகாப்புப் பதக்கம் உண்டு, ஆனால் விண்ணப்பித்து வாங்க வேண்டும். பலர் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

போருக்குப் பிறகு பட்டறை என்ன ஆனது?

டிராக்டர் வந்தது, குதிரை போனது. கேஸ் வெல்டிங் கற்றிருந்தவர் டிராக்டரைப் பழுது பார்த்துப் பிழைத்தார். சிலர் இரும்புக் கேட் செய்யப் போனார்கள், சிலர் பட்டறையைப் பெட்ரோல் பங்க் ஆக்கினார்கள். இன்று அங்கே லாடம் அடிப்பது பெரும்பாலும் சவாரிக் குதிரைகளுக்கு. 1975இல் வந்த சட்டத்தால் அதற்குப் பதிவும் வேண்டும். லாடக்காரர் உலையை வேனில் வைத்துக்கொண்டு குதிரை இருக்கும் இடத்துக்கே போகிறார்.

ஊர்ப் பட்டறைகள் வீடுகளாகிவிட்டன. 'பழைய பட்டறை' என்று பெயர்ப் பலகை மாட்டிய வீட்டை ஏராளமான கிராமங்களில் பார்க்கலாம். முற்றத்தில் பெரிய வட்டமாக ஓர் இரும்புத் தகடு பதிந்திருக்கும், நடுவில் ஒரு ஓட்டை. சக்கரத்தைக் கிடத்திப் பட்டை போட்ட இடம் அது. இப்போது அதன்மேல் பூந்தொட்டி வைத்திருக்கிறார்கள்.